அலமாரிக்குள் பெஜோ, சிட்ரோன்: வாசகர் கேள்வி பதில்

போருக்குப் பிந்தைய பிரெஞ்சு குடும்பக் கார்களின் சின்ன மாடல்களைச் சேர்ப்பது பற்றிப் போன இதழில் போகிறபோக்கில் நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. சிலவற்றுக்கு இங்கே பதில்.

எல்லாரும் ஃபெராரி, லம்போகினி மாடல் சேர்க்கிறார்கள். நீங்கள் ஏன் பிரான்ஸின் பழைய நாலு கதவுக் கார்களைக் கட்டிக்கொண்டு அழுகிறீர்கள்? (ஈசூன் வாசகர்)

ஃபெராரி சிங்கப்பூர் ஆர்ச்சர்ட் ரோட்டிலேயே உறுமிக்கொண்டு போகிறது, ஓரமாக நின்று பார்த்துக்கொள்ளலாம், காசு வேண்டாம். இந்தக் கார்களை அப்படிப் பார்க்க முடியாது.

1945-ல் பிரான்ஸில் எஃகுக்குத் தட்டுப்பாடு, பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு, மக்கள் கையிலும் பணமில்லை. எந்தக் கம்பெனி எந்த அளவுக் கார் செய்யலாம் என்று அரசாங்கமே பங்கு பிரித்துக் கொடுக்கப் பார்த்தது. அந்த நெருக்கடியிலும் ஒவ்வொருவரும் தன் வழியில்தான் போவேன் என்று அடம்பிடித்ததில்தான் எனக்குச் சுவாரசியம். ரெனோ 4சிவி 1947-ல் விற்பனைக்கு வந்தது, இன்ஜின் பின்னால். ஆரம்பத்தில் வந்த வண்டிகளெல்லாம் ஒரே மணல் மஞ்சள்; ஜெர்மானியரின் பாலைவனப் படைக்கென்று வைத்திருந்த பெயின்ட்டில் மிஞ்சியது என்பார்கள், ஊர்க்காரர்கள் அதை வெண்ணெய்க்கட்டி என்று கிண்டல் செய்தார்கள். கிண்டல் செய்தவர்களே வாங்கவும் வாங்கினார்கள் போல, 10 லட்சத்துக்கு மேல் விற்ற முதல் பிரெஞ்சுக் கார் அதுதான். பெஜோ 203 (1948) எந்த அலட்டலும் இல்லாதது: இன்ஜின் முன்னால், ஓடுவது பின்சக்கரத்தால். பான்ஹார்ட் டைனா இசட் (1954) அதற்கு நேர் எதிர். முதலில் வந்தவற்றுக்கு அலுமினிய உடம்பு, காற்றிலேயே குளிரும் 850 சிசி இன்ஜின், அதில் ரெண்டே சிலிண்டர், ஆனால் ஆறு பேர் உட்காரலாம்! சிட்ரோன் மட்டும் 1934-ல் தொடங்கிய முன்சக்கர இழுவைக் காரையே 1957 வரை விடாமல் செய்துகொண்டிருந்தது, நடுவில் 1955-ல் டிஎஸ்ஸைக் கொண்டுவந்து எல்லாரையும் வாயைப் பிளக்க வைத்தது.

இந்த ஐந்தையும் அலமாரியில் முதுகைத் திருப்பி நிறுத்தினாலும் எது எது என்று சொல்லிவிடலாம். உங்கள் புளோக்கின் கார் பார்க்கில் இன்றைக்கு நிற்கிற ஐந்து எஸ்யூவியை வைத்து இதே பரீட்சையை நடத்திப் பாருங்கள்.

1/43 வாங்குவதா, 1/18 வாங்குவதா? (தெம்பனிஸ்)

வீவக அடுக்குமாடி வீடு என்றால் 1/43, அதாவது நிஜக் காரின் நீளத்தில் 43-ல் ஒரு பங்கு. நிஜ டிஎஸ் ஏறக்குறைய 4.8 மீட்டர் நீளம். 1/43-ல் அது 11 சென்டிமீட்டர், 1/18-ல் 27. ஒரு தட்டில் பன்னிரண்டு கார் வைப்பதா, மூன்று கார் வைப்பதா என்பதுதான் கேள்வி. 43 என்ற விநோதமான எண் எங்கிருந்து வந்தது என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார்: ஓ கேஜ் என்ற அளவில் வந்த பொம்மை ரயிலிலிருந்து. அந்த ரயிலின் பக்கத்தில் நிறுத்தப் பொருத்தமாக இருக்கட்டும் என்று செய்யப்போய், பிறகு ரயிலை எல்லாரும் மறந்துவிட்டார்கள், அளவு மட்டும் நின்றுவிட்டது. பெரிய அளவில் ஒன்றே ஒன்று வேண்டுமென்றால் 1/18 டிஎஸ் வாங்கலாம், நோரெவ் செய்கிறது. அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், முடிந்தால்.

டிஎஸ் 1960 என்று போட்டு ஒரு மாடல் விற்கிறார்கள். பார்த்தால் ஏதோ சரியில்லை. (புக்கிட் பாத்தோக்)

முகப்பு விளக்கைப் பாருங்கள். கண்ணாடி மூடிக்குள் பக்கத்துக்கு ரெண்டு விளக்கு இருந்தால் அது 1967 கடைசியில் வந்த முகம், 1960-ல் கிடையாது. ஸ்டீயரிங்கைத் திருப்பினால் உள்பக்க விளக்கும் கூடவே திரும்பும் ஏற்பாடு அந்த முகத்தோடு வந்ததுதான். அதற்கு முந்தைய டிஎஸ்ஸுக்குப் பக்கத்துக்கு ஒரே விளக்கு, மூடி இல்லாமல். அப்புறம் பின்னால் கூரை முடியும் ரெண்டு மூலைகளிலும் சின்னக் குழல் மாதிரி திருப்ப விளக்கு இருக்கும். 1/43-ல் அது அரிசி அளவுதான். மலிவான மாடலில் அந்த இடத்தில் ஒரு மேட்டைச் செய்து ஆரஞ்சு பெயின்ட்டைத் தொட்டு வைத்திருப்பார்கள், நல்ல மாடலில் குழல் தனித் துண்டாக நிற்கும், வாயில் சிவப்போ ஆரஞ்சோ பிளாஸ்டிக் பளபளக்கும். நான் விலையைக் கேட்பதற்கு முன்னால் பார்ப்பது இந்த இடத்தைத்தான். 1962 ஆகஸ்ட் 22-ல் பாரிஸுக்குப் பக்கத்தில் பெத்தி கிளாமாரில் பிரெஞ்சு அதிபர் டி கோலைக் கொல்லப் பார்த்துச் சுட்டபோது டயர் கிழிந்த நிலையிலும் அவரைக் காப்பாற்றிக்கொண்டு போனது பழைய முகம் கொண்ட டிஎஸ்தான். அந்தக் காரென்று சொல்லி மூடி போட்ட விளக்கோடு யாராவது நீட்டினால் வாங்காதீர்கள்.

கண்ணாடி அலமாரியில் பத்திரமாக வைத்திருந்தும் பெயின்ட் கொப்பளிக்கிறது, டயர் தட்டோடு ஒட்டிக்கொள்கிறது. என்ன செய்வது ஐயா? (பிடோக், ஓய்வுபெற்ற ஆசிரியை)

இந்த ஊரில் சேகரிக்கிறவர்கள் எல்லாருக்கும் உள்ள தலைவலி இது. வருஷம் முழுக்க ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. அதோடு நாம் ராத்திரி ஏர்கான் போடுகிறோம், காலையில் அணைத்து ஜன்னலைத் திறக்கிறோம், குளிர்ந்திருக்கும் உலோகத்தின் மேல் வெளிக்காற்றின் ஈரம் படிகிறது. கண்ணாடிக் கதவு தூசியைத்தான் தடுக்கும்.

கேமரா வைத்துக்கொள்ள விற்கிற ஈரம் உறிஞ்சும் பெட்டி இங்கே சுலபமாகக் கிடைக்கிறது. விலை உயர்ந்தவற்றை அதில் வையுங்கள், 45 அல்லது 50-ல் நிறுத்தினால் போதும், அதற்கும் கீழே இறக்கிப் பழைய அட்டைப்பெட்டியை மொறுமொறுப்பாக்க வேண்டாம். மற்றவற்றுக்கு சிலிக்கா ஜெல், அதையும் மறக்காமல் மாற்ற வேண்டும். சமையலறைச் சுவருக்கு அந்தப்பக்கம், மாலை வெயில் விழும் ஜன்னலுக்கு எதிரே, இந்த ரெண்டு இடமும் கூடாது.

டயர் ஒட்டுவதற்குக் காரணம் வேறு. மென்மையான டயரை மென்மையாக வைத்திருக்கும் ரசாயனம் மெல்லக் கசிந்து கீழே உள்ள பிளாஸ்டிக்கை இளக்குகிறது. நம் சூட்டில் இது இன்னும் வேகமாக நடக்கும். சக்கரத்துக்குக் கீழே சமையலறை அலுமினியத் தாளில் நகம் அளவு வெட்டி வையுங்கள், வெளியே தெரியாது. இன்னும் நல்லது, வண்டியை அடியில் திருகாணியால் தூக்கி நிறுத்தி சக்கரம் தரையைத் தொடாமல் பார்த்துக்கொள்வது.

கொப்பளம் மட்டும் என்றால் பயப்பட வேண்டாம். ஆனால் பெயின்ட்டுக்கு அடியில் முடி மாதிரி விரிசல் ஓடுகிறதா, அடித்தகடு வளைந்து உடம்போடு பொருந்தாமல் நிற்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள். அப்படியென்றால் துத்தநாகக் கலவையில் ஈயம் கலந்துவிட்ட நோய், இங்கிலீஷில் ஜிங்க் பெஸ்ட். மருந்து கிடையாது, உள்ளிருந்தே உலோகம் உதிரும், சூடும் ஈரமும் சேர்ந்தால் சீக்கிரம் உதிரும். போருக்கு முந்தைய டிங்கி கம்பெனி பொம்மைக் கார்களில்தான் இது அதிகம். பக்கத்துக் காருக்குத் தொற்றும் என்று சிலர் தனியறையில் பூட்டி வைக்கிறார்கள், தொற்றாது.

கணவர் விட்டுப்போன பழைய நோரெவ் பிளாஸ்டிக் கார்கள் வாழைப்பழம் மாதிரி வளைந்திருக்கின்றன. வெந்நீரில் போட்டு நிமிர்த்தலாமா? (அங் மோ கியோ)

வேண்டாம்மா. 1950களில் நோரெவ் பயன்படுத்திய பிளாஸ்டிக்குக்கு வயதானால் வளைவதுதான் குணம். வெந்நீரில் போட்டால் நிமிரும், கூடவே ஜன்னலும் கூரையும் வேறு பக்கம் கோணும். அப்படியே வையுங்கள். விற்பதாக இருந்தால் வளைவு தெரிகிற மாதிரி படம் எடுத்துப் போடுங்கள். கோணாமல் நேராக ஒன்று அகப்பட்டால் அதைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு எனக்குக் கடிதம் போடுங்கள், நியாயமான விலை கொடுக்கிறவர்களை எனக்குத் தெரியும்.

கரோசெல் இணையச் சந்தையில் ஒருவர் பிரெஞ்சு டிங்கி செய்த பெஜோ 403, அசல், பெட்டியோடு என்கிறார். நம்பலாமா? (சிராங்கூன்)

அடிப்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மறுத்தால் கதை முடிந்தது.

பாரிஸுக்குப் பக்கத்தில் போபினியில் செய்த பழைய டிங்கிகளை அட்லாஸ் என்ற கம்பெனி சீனாவில் செய்து மறுபடி வெளியிட்டது, பெட்டியோடு. நல்ல வேலைப்பாடு, குறை சொல்ல மாட்டேன், நானும் வைத்திருக்கிறேன். மறுவெளியீட்டுக்கு உரிய விலைக்கு வாங்கினால் சரி, 1950களின் அசலுக்கு உரிய விலை கேட்டால்தான் தப்பு. அறுபது வருஷம் தாண்டிய பெட்டியின் மடிப்பு வெளுத்திருக்கும், காரின் கூரை விளிம்பிலும் மட்கார்டு மேட்டிலும் பெயின்ட் உதிர்ந்து உலோகம் தெரியும். புதிதாகப் பெயின்ட் அடித்ததென்றால் கதவுக் கோடுகள் அடைபட்டு மழுங்கியிருக்கும். எல்லாவற்றையும்விட அடித்தகட்டைப் பிடித்திருக்கும் ரிவிட்டைப் பாருங்கள்: டிரில் போட்டுப் பிரித்து மறுபடி ஒட்டியிருந்தால் நடுவில் குழி இருக்கும். சுங்கை ரோடு பழம்பொருள் சந்தை 2017 ஜூலை 10-ல் மூடிய பிறகு கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்து வாங்குகிற சுகம் குறைந்துவிட்டது, அதனால் படம் கேட்கக் கூச்சப்படக் கூடாது.

முதலீடாக வாங்கலாமா?

கூடாது.

அப்பா ஓட்டிய பெஜோ 404 மாதிரியே ஒன்று வாங்க ஆசை. வெளிநாட்டிலிருந்து தருவித்தால் வரி உண்டா? (ஜூரோங்)

நல்ல ஆசை. 1960-ல் வந்த வண்டி, பினின்ஃபரீனா வடிவமைப்பு, பின்னால் சின்னச் செதில், இன்ஜினை 45 டிகிரி சாய்த்து வைத்திருப்பார்கள். கிழக்கு ஆப்பிரிக்க சஃபாரி பந்தயத்தில் 1963, 66, 67, 68 என்று நாலு முறை ஜெயித்தது, அந்தப் பந்தய வடிவிலும் மாடல் உண்டு. ஆனால் உங்களுக்கு வேண்டியது சாதாரண வண்டி, நோரெவ் 1/43-ல் தேடுங்கள். ஒரு விஷயம், பெரும்பாலும் ஸ்டீயரிங் இடப்பக்கம்தான் இருக்கும், அப்பா வலப்பக்கம் உட்கார்ந்து ஓட்டியது நினைவில் இருந்தால் கொஞ்சம் உறுத்தும்.

வரி உண்டு, 9 விழுக்காடு. 400 வெள்ளி வரை உள்ள பொருளுக்கு 2023 முதல் பெரிய இணையத்தளங்கள் பணம் கட்டும்போதே பொருள் சேவை வரியைச் சேர்த்துவிடுகின்றன, அதற்கு மேலே போனால் இங்கே வந்து இறங்கும்போது கட்ட வேண்டும், அதில் அனுப்பும் செலவையும் காப்புறுதியையும் சேர்த்துத்தான் கணக்கு. எப்படியும் நிஜக் காருக்கு எடுக்கிற சிஓஇ என்ற வாகன உரிமைச் சான்றிதழ் எடுக்க வேண்டாம், பத்து வருஷம் ஆனால் கழித்துக்கட்டவும் வேண்டாம்.

ஆறு வயதுப் பேரன் அலமாரியைத் திற என்று தினமும் அழுகிறான். (செங்காங் தாத்தா)

மஜோரெட் பொம்மைக் கார் நாலு வாங்கிக் கொடுங்கள், அதுவும் பிரான்ஸில் பிறந்த பெயர்தான், தரையில் எறிந்தாலும் தாங்கும். அலமாரிச் சாவியை வேறு இடத்துக்கு மாற்றிவிடுங்கள், அவன் பாட்டியிடம் மட்டும் கொடுக்காதீர்கள்.