எல்லாம் கிடைக்கும் காலத்தில் எதற்காக உழைப்பது?

உணவும் வீடும் இயந்திரங்களே தரும் அறிவியல் புனைகதை எதிர்காலத்தில் மனிதனுக்கு என்ன வேலை மிஞ்சும் என்று கேட்டிருக்கிறீர்கள். நூறு ஆண்டுகளில் வாரத்துக்கு 15 மணி நேர உழைப்பே போதும் என்று பொருளியலாளர் கெய்ன்ஸ் 1930-லேயே எதிர்பார்த்தார். ஓய்வைக் கழிப்பதுதான் சிக்கலாகும் என்றும் கவலைப்பட்டார்.

எனக்கு அந்தக் கவலை பாதிதான். மார்கழி விடியலில் மயிலாப்பூர் மாட வீதிகளில் நடந்து பாருங்கள். பனியில் குனிந்து கோலமிடும் பெண்களுக்கு யாரும் கூலி தருவதில்லை. மதியத்துக்குள் காலடிகள் அதை அழித்துவிடும். ஆனாலும் ஓர் இழை பிசகினால் அழித்துவிட்டு மறுபடி போடுகிறார்கள்!

மீதிப் பாதி உண்மையான கவலை. வேலை போனால், 'நான் வராவிட்டால் ஒருவர் காத்திருப்பார்' என்ற உணர்வும் போய்விடும். அன்றைக்கும் தனித்திருக்கும் முதியவருடன் மாலையில் மெரினாவுக்கு நடக்க ஆள் வேண்டும்; எனக்கான வேலையை நான் அங்கேதான் முதலில் தேடுவேன்.