அம்மாவின் வளையல் உங்கள் திட்டத்தில் எந்தப் பக்கம்?

கேள்வி: திருப்பூரில் அப்பா நடத்திய தையல் ஜாப் ஒர்க் யூனிட்டை மூன்று வருடமாக நான் பார்த்துக்கொள்கிறேன். 40 மெஷின், 60 பேர், வாரச் சம்பளம் இரண்டரை லட்சம். ஆர்டர் தருகிற பார்ட்டி பணம் தர 90 நாள் ஆகிறது. ஐந்து வருடத்தில் 80 மெஷின் ஆக்கத் திட்டம் எழுதி வைத்திருக்கிறேன். தினமும் காலையில் பத்து நிமிடம் மீட்டிங் போடுகிறேன். ஆனாலும் டைலர்கள் என்னை முதலாளியாக மதிப்பதில்லை, எதற்கெடுத்தாலும் அம்மாவிடம் போய் நிற்கிறார்கள். சூப்பர்வைசர் இரண்டு பேர் நின்றுவிட்டார்கள். தலைமைப் பண்புக்காகச் சனிக்கிழமைதோறும் கோவையில் வகுப்புக்குப் போகிறேன். அன்றைக்குச் சம்பளப் பட்டுவாடாவை அம்மா பார்த்துக்கொள்வார். பணம் வராத வாரம் வளையலை அடகு வைத்தாவது கொடுத்துவிடுவார். நல்ல தலைவனாக நான் இன்னும் என்ன செய்ய வேண்டும்?

பதில்: தம்பி, திட்டத்தைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறீர்கள். வளையலுக்கு ஒரே ஒரு வரிதான். நான் அந்த வரியைத் தாண்டிப் போகவில்லை.

அப்பாவின் தொழிலை எடுத்து நடத்தும் பிள்ளைகளிடமிருந்து இப்படிக் கடிதம் வருவது புதிதல்ல. ஆட்கள் முன்பு போல் இல்லை என்பார்கள். யார் பணத்தில் தொழில் ஓடுகிறது என்பதைப் போகிற போக்கில் சொல்வார்கள்.

ஒரு கணக்குப் போடுங்கள். 90 நாள் என்பது ஏறக்குறைய 13 வாரம். வாரம் இரண்டரை லட்சம் என்றால், இன்று தைத்த பீஸுக்குப் பணம் வருவதற்குள் நீங்கள் கொடுத்து முடித்திருக்கும் சம்பளம் மட்டும் 32 லட்சத்துக்கு மேல். கரண்ட் பில், வாடகை, நூல்கண்டு, ஊசி எல்லாம் தனி. மெஷினை 80 ஆக்கினால் இது 65 லட்சம். அதற்கு எங்கே போவீர்கள்? வங்கியில் கடன் வாங்கலாம், சரி. ஆனால் மெஷின் வாங்கக் கிடைக்கும் கடனில் சனிக்கிழமைச் சம்பளம் போட முடியாது. உங்கள் திட்டம் வளர வளர அம்மாவின் கை காலியாகும். அப்பா இல்லாத வீட்டில் அந்த நகைதான் அவருக்கு இருக்கும் பிடிமானம். அதில் கை வைத்துவிட்டுப் பிள்ளை ஐந்து வருடத் திட்டம் எழுதுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

டைலர்கள் அம்மாவிடம் போகிறார்களே என்று வருத்தப்படுகிறீர்கள். வேறு யாரிடம் போவார்கள்? சம்பளக் கவர் அவர் கையிலிருந்துதான் வருகிறது. சனிக்கிழமை சாயங்காலம் பணத்தை எண்ணிக் கொடுக்கிறவருக்குத்தான் யாருக்கு பீஸ் கணக்கில் குறைந்தது, டைலருக்குக் கூட உதவும் எந்தக் கைமடிப் பெண்ணின் குழந்தைக்குக் காய்ச்சல், யார் அட்வான்ஸ் கேட்கத் தயங்கி நிற்கிறார், எந்த ஓவர்லாக் டைலர் திங்கட்கிழமை வேறு கம்பெனிக்குப் போகப் போகிறார் என்பதெல்லாம் தெரியும். ஒரு யூனிட்டை நடத்தத் தெரிய வேண்டியதில் பாதி அந்த இரண்டு மணி நேரத்தில் இருக்கிறது. நீங்கள் அந்த நேரத்தில் கோவையில் உட்கார்ந்து, ஆட்களை எப்படிப் புரிந்துகொள்வது என்று ஃபீஸ் கட்டிப் படிக்கிறீர்கள்! காலை மீட்டிங்கில் உங்கள் பேச்சை அவர்கள் கேட்டுக்கொள்வார்கள். கேட்டு முடித்ததும் மெஷினுக்குப் போவார்கள், அவ்வளவுதான். அந்தச் சூப்பர்வைசர்களும் அப்படிக் கேட்டவர்கள்தானே.

அடுத்து அந்தப் பார்ட்டி. 90 நாளை வழக்கம் என்று ஏற்றுக்கொண்டிருக்கிறீர்கள். சிறு தொழில்களுக்கு மத்திய அரசு தரும் உத்யம் பதிவு இருக்கிறதா? இல்லையென்றால் இந்த வாரமே செய்யுங்கள், காசு செலவில்லை. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் இழுக்கக் கூடாது. ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள்தான். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் கூட்டு வட்டி. கெடுவுக்குள் தராத தொகையை, அதைக் கொடுத்துத் தீர்க்கும் வரை பார்ட்டி வருமான வரியில் செலவாகக் காட்ட முடியாது என்ற விதியும் வந்துவிட்டது. ஆர்டர் தருகிறவர் மேல் புகார் கொடுக்க யாருக்கும் தைரியம் வராது என்பது எனக்கும் தெரியும். புகார் கொடுக்கச் சொல்லவில்லை. அவருடைய ஆடிட்டருக்கு இந்த விதி நன்றாகத் தெரியும், அதை வைத்துப் பேசுங்கள். 90 நாள் 60 ஆனாலே 10 லட்சத்துக்கு மேல் உங்கள் கைக்குத் திரும்பும். பேசியும் மசியவில்லையென்றால் கூலி குறைந்தாலும் சீக்கிரம் பணம் தருகிற வேறு பார்ட்டிக்கு 20 மெஷினையாவது மாற்றுங்கள்.

ஐந்து வருடத் திட்டத்தைக் கொஞ்ச நாள் மூடி வையுங்கள். ஒரு நோட்டில் அடுத்த 13 சனிக்கிழமைகளை வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் நேரே வர வேண்டிய பணம், போக வேண்டிய பணம். மாதம் 15ஆம் தேதிக்குள் பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. கட்ட வேண்டும், அதையும் சேருங்கள். தீபாவளி போனஸை இப்போதிருந்தே வாரா வாரம் எடுத்து வையுங்கள். சட்டப்படி குறைந்தபட்சம் 8.33 சதவீதம், அது ஐப்பசியில் திடீரென்று முளைப்பதில்லை. எந்தச் சனிக்கிழமை துண்டு விழுகிறதோ, அதை ஒரு மாதம் முன்பே நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அந்தத் துண்டை அடைக்கும் வழி தெரிந்த பிறகு 41ஆவது மெஷினைப் பற்றிப் பேசலாம்.

இந்தச் சனிக்கிழமையிலிருந்து கவர் உங்கள் கையிலிருந்து போகட்டும். முதல் இரண்டு வாரம் அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள், பெயரும் முகமும் அவருக்குத்தான் தெரியும்.

அதற்கு முன்னால் அடகு ரசீதுகளை வாங்கிப் பாருங்கள். எவ்வளவு வைத்திருக்கிறீர்கள் என்று அம்மாவிடம் கேட்டால், அதெல்லாம் ஒன்றுமில்லை, நீ வேலையைப் பார் என்பார். ரசீதைத்தான் கேட்க வேண்டும். மீட்க வேண்டிய கடைசித் தேதிகளை அந்த நோட்டில் முதல் வரியாக எழுதுங்கள், சம்பளத்துக்கும் மேலே.

வகுப்பு ஞாயிற்றுக்கிழமை இருந்தால் போய் வாருங்கள், நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன்.