குறைந்த பெறுபேற்றை வைத்துக்கொண்டு பொறியியல் முதுமாணித் துறையை மாற்ற முடியுமா?

கேள்வி: கொழும்பில் வேலை செய்துகொண்டே கட்டமைப்புப் பொறியியலில் முதுமாணி படிக்கிறேன். இளமாணியில் ஜி.பி.ஏ. 2.5. முதுமாணியின் முதல் அரையாண்டிலும் 2.6 தான். நீர்வளப் பொறியியலுக்கு மாற விரும்புகிறேன். இந்தப் பெறுபேற்றுடன் விண்ணப்பித்தால் எடுப்பார்களா? இல்லை, இதையே எப்படியாவது முடித்துவிடுவதா?

பதில்:

எடுப்பார்கள். உங்களைப் போலவே கட்டமைப்புப் பொறியியலிலிருந்து நீர்வளத்துக்கு மாறியவள் நான். என் இளமாணி ஜி.பி.ஏ. 2.41. முதல் தடவை விண்ணப்பித்தபோது மறுத்தார்கள். ஒரு வருடம் கழித்து அதே பாடநெறிக்கு மறுபடியும் விண்ணப்பித்தேன், எடுத்தார்கள். இடையில் என் பழைய புள்ளிகளில் ஒன்றுகூட மாறவில்லை. அப்படியானால் வேறு என்ன மாறியது என்பதைத்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

நான் வவுனியாவில் உயர்தரம் வரை தமிழில் படித்தவள். பிரயோக கணிதம் எனக்கு மிகவும் பிடித்த பாடம். பல்கலைக்கழகத்தில் விரிவுரை முழுவதும் ஆங்கிலம். முதல் வருடத்தில் ஒரு விரிவுரையாளர் பலகையில் எழுதிய ஒரு சொற்றொடரை மூன்று வாரங்கள் புரியாமலே கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தேன். அது ‘சடத்துவத் திருப்பம்’ என்பது தெரிந்த அன்று விடுதிக்கு வந்து அழுதேன். உயர்தரத்தில் எனக்கு நன்றாக வந்த கணக்கு அது. முதல் இரண்டு வருடங்கள் இப்படியே போயின. மூன்றாம் வருடம் நிமிர்ந்தேன். ஆனால் சராசரி என்பது இரக்கம் பார்க்காது, முதல் இரண்டு வருடங்களும் கடைசி வரை அதற்குள் இருந்தன.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், முதல் விண்ணப்பத்தில் இதையேதான் ஒன்றரைப் பக்கத்துக்கு எழுதியிருந்தேன். தமிழ்மூலம் படித்தது, விடுதிச் சிரமம், அப்பாவின் சுகவீனம், ஆறு நாள் வேலைக்குப் பிறகு சனிக்கிழமை மாலை விரிவுரைக்கு ஓடியது. எல்லாம் உண்மை. ஆனால் அந்தக் கடிதத்தில் நீரைப் பற்றி மொத்தமாக நான்கு வரிகள்தான் இருந்தன. கடிதத்தை வாசித்தவர்களுக்கு நான் ஏன் குறைந்த புள்ளி எடுத்தேன் என்பது தெளிவாகத் தெரிந்திருக்கும். இனி ஏன் கூடிய புள்ளி எடுப்பேன் என்று நம்ப அதில் எதுவுமே இருக்கவில்லை.

மறுப்புக் கடிதம் வந்த பிறகுதான், முன்பே செய்திருக்க வேண்டிய வேலையைச் செய்தேன். அந்தப் பாடநெறியின் இணைப்பாளருக்கு மின்னஞ்சல் எழுதி, இருபது நிமிட நேரம் கேட்டேன். சேர் வரச் சொன்னார். என் பெறுபேற்றுப் பத்திரத்தை மேசையில் விரித்து, மொத்த ஜி.பி.ஏ. இருந்த கடைசி வரியைக் கையால் மறைத்தார். பிறகு பென்சிலை எடுத்து ஒவ்வொரு பாடமாகப் போனார். பாய்ம இயக்கவியல், ஹைட்ராலிக்ஸ், புள்ளிவிபரவியல் மூன்றையும் வட்டமிட்டார். மூன்றும் பி-க்கு மேல். மூன்றுமே மூன்றாம் வருடத்துக்குப் பிந்தியவை. “இது எனக்குப் போதும்” என்றார். பிறகு இரண்டாம் வருடக் கணிதத்தை வட்டமிட்டார். அது சி. முதுமாணியில் எடுத்திருந்த முடிவுறு மூலக முறைப் பாடத்தையும் வட்டமிட்டார். அதில் நான் சித்தியடையவில்லை. “இந்த இரண்டிலும் உள்ள கணிதம்தான் எங்களிடமும் இருக்கிறது. அங்கே வராதது இங்கே எப்படி வரும்?” என்று கேட்டார்.

என்னிடம் பதில் இல்லை. வெள்ளவத்தைக்குத் திரும்பும் வழி முழுவதும் அந்தக் கேள்வியைத்தான் யோசித்துக்கொண்டு வந்தேன். அது நியாயமான கேள்வி. உங்களிடமும் யாராவது இதைக் கேட்பார்கள். கட்டமைப்பு கடினமாக இருப்பதால் மாறுகிறீர்களா, நீர் வேண்டும் என்பதால் மாறுகிறீர்களா? முதலாவதுதான் காரணமென்றால் தயவுசெய்து மாறாதீர்கள். நீரியலிலும் வகையீட்டுச் சமன்பாடுகள் அதே முகத்தோடுதான் வந்து நிற்கும்.

எனக்கு எப்படி நீர் வந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். 2016 மே மாதம் களனி கங்கை பெருகியபோது நாகலகம் வீதி அளவுகோலில் நீர்மட்டம் 7 அடியைத் தாண்டியது. வெல்லம்பிட்டியில் என் சித்தியின் வீடு மூழ்கியது. தண்ணீர் வடிந்த பிறகு துப்புரவு செய்யப் போனேன். அரிசி வாளிக்குள் சேறு. சாமியறைச் சுவரில் படங்கள் இருந்த இடத்துக்குச் சற்றுக் கீழே, கோடு போட்டதுபோல ஒரு பழுப்புத் தடம். சித்தி அதைத் தேய்த்துக் கழுவத் தொடங்கினார். “கொஞ்சம் பொறுங்கள் சித்தி” என்று நிறுத்திவிட்டு, பையிலிருந்த அளவு நாடாவை எடுத்துத் தரையிலிருந்து அளந்தேன். 4 அடி 2 அங்குலம். அன்று அதை ஏன் அளந்தேன் என்று எனக்கே தெரியாது. அலுவலகக் குறிப்பேட்டின் பின்பக்கத்தில் எழுதி வைத்தேன்.

இணைப்பாளரைச் சந்தித்த பிறகு அந்தப் பக்கத்தைத்தான் திறந்தேன். ஹெக்-ராஸ் என்ற மென்பொருள் இருக்கிறது. அமெரிக்க இராணுவத்தின் பொறியியல் பிரிவு உருவாக்கியது, யாரும் இலவசமாகத் தரவிறக்கலாம். ஆற்றின் குறுக்குவெட்டுகளையும் நீரோட்ட அளவையும் கொடுத்தால், எங்கே எவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் ஏறும் என்று கணித்துத் தரும். எங்கள் அலுவலகத்தின் பழைய திட்டம் ஒன்றில் களனியின் கீழ்ப்பகுதிக் குறுக்குவெட்டுகள் இருந்தன. மேலாளரிடம் அனுமதி கேட்டுப் பயன்படுத்தினேன். ஹங்வெல்லையிலிருந்து நாகலகம் வீதி வரை ஆற்றை மாதிரியாக்கினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை லெவல் கருவியைக் கடன் வாங்கி, சித்தி வீட்டுத் தரை கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்றும் எடுத்தேன். சுவரில் இருந்த தடத்தைவிட என் மாதிரி ஒன்றரை அடி குறைவாகக் காட்டியது. இரண்டு வாரம் தேடினேன். வீடுகளும் மதில்களும் நெருங்கிய வெள்ளச் சமவெளிக்கும் ஆற்றுப் படுக்கைக்கும் ஒரே மானிங் குணகத்தைக் கொடுத்திருந்தேன். தண்ணீர் ஓடும் பரப்பு எவ்வளவு கரடுமுரடாக இருந்து ஓட்டத்தைத் தடுக்கிறது என்பதைச் சொல்லும் எண் அது. குடியிருப்புக்குள் தண்ணீர் அவ்வளவு எளிதாக ஓடாது, தடைப்பட்டு உயரும். குணகத்தைக் கூட்டினேன். இடைவெளி அரை அடிக்கு இறங்கியது. அந்த இரவு நான் அடைந்த மகிழ்ச்சியைப் போல முதுமாணியின் முதல் வருடத்தில் ஒரு நாள்கூட அடைந்ததில்லை.

அதே சமயம், பட்டத்துக்குப் பதியாமல் தனிப் பாடமாக எண்முறைப் பகுப்பாய்வை எடுத்துப் பரீட்சை எழுதினேன். கணிதத்தைப் பற்றிய கேள்விக்கு அதைவிட நேரான பதில் இருக்கவில்லை. ஏ மைனஸ் கிடைத்தது. ஒரே ஒரு பாடம், ஐந்து மாதம். மொத்தச் சராசரியை அது கொஞ்சமும் அசைக்கவில்லை. ஆனால் பழைய சி-க்குப் பக்கத்தில் புதிய தேதியோடு அது நின்றது.

இரண்டாவது விண்ணப்பக் கடிதம் ஒரு பக்கம். குறைந்த புள்ளிகளுக்கு மூன்று வரிகள்: எந்த இரண்டு வருடங்கள், என்ன காரணம், எப்போது முடிந்தது. மீதி முழுவதும் களனி. ஒன்றரை அடி பிழை எப்படி வந்தது, எப்படிக் குறைந்தது, மீதி அரை அடிக்குக் காரணமாக நான் எதைச் சந்தேகிக்கிறேன், அதைக் கண்டுபிடிக்க எந்தப் பாடங்கள் எனக்குத் தேவை. நேர்முகத்தில் அந்த மீதி அரை அடியைப் பற்றித்தான் அதிகம் கேட்டார்கள். ஜி.பி.ஏ.யைப் பற்றி ஒரே ஒரு கேள்வி. நிபந்தனையுடன் எடுத்தார்கள். முதல் அரையாண்டில் 3.0-க்குக் கீழே போனால் தொடர முடியாது. போகவில்லை.

பரிந்துரைக் கடிதத்துக்குப் பீடாதிபதியைத் தேடி ஓடாதீர்கள். நீங்கள் மாற விரும்பும் துறைக்கு நெருங்கிய பாடத்தில் உங்களுக்கு நல்ல புள்ளி தந்த ஒருவரைக் கேளுங்கள். அவர் இளம் விரிவுரையாளராக இருந்தாலும் பரவாயில்லை. இரண்டாவது கடிதம் உங்கள் வேலையைப் பக்கத்திலிருந்து பார்த்த ஒரு பட்டயப் பொறியியலாளரிடமிருந்து வந்தால் நல்லது.

மாறுவதால் வரும் இழப்பையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். முதுமாணியில் துறை மாறுவது பெரும்பாலும் புதிதாக விண்ணப்பிப்பதுதான். பழைய பாடங்களில் எனக்கு இரண்டை மட்டும் ஏற்றுக்கொண்டார்கள். கட்டிய கட்டணம் திரும்பி வரவில்லை. அதனால், எந்தப் பாடங்களை ஏற்பார்கள் என்பதை முதலிலேயே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இப்போதைய பாடநெறியில் பட்டப்பின் டிப்ளோமாவோடு வெளியேற வழி இருக்கிறதா என்றும் விசாரியுங்கள். பல பாடநெறிகளில் இருக்கிறது. அதற்கு இன்னும் இரண்டு பாடங்கள்தான் மீதி என்றால், முடித்து வாங்கிக்கொண்டு வெளியேறுவது மேல்.

இன்னொரு கணக்கையும் கட்டாயம் போட்டுப் பாருங்கள். இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி ஒரு திறமைப்புள்ளி 50 மணி நேரப் படிப்புக்குச் சமம். விரிவுரை, வீட்டில் படிப்பது, ஒப்படைகள் எல்லாம் அதற்குள் அடக்கம். பாடநெறி மட்டும் உள்ள முதுமாணி 9ஆம் மட்டம், 30 திறமைப்புள்ளி, ஆக 1500 மணி நேரம். ஆய்வும் சேர்ந்த 10ஆம் மட்டம் 60 திறமைப்புள்ளி, 3000 மணி நேரம். வேலைக்குப் போகும் ஒருவர் வாரத்துக்கு 15 மணி நேரம் ஒதுக்க முடிந்தால் முதலாவதுக்கு 100 வாரம், இரண்டாவதுக்கு 200 வாரம். என் முதல் முதுமாணியில் வாரத்துக்கு 6 மணி நேரம்கூட நான் ஒதுக்கவில்லை. கட்டமைப்பு எனக்கு வராது என்று நானே முடிவுகட்டியதில் பாதிக்கு மேல் இந்த நேரக் குறைதான். உங்கள் 2.6-க்கும் இது காரணமாக இருக்கலாம். அப்படியானால் துறை மாறினாலும் அதே 2.6 உங்களுடன் வரும். முதலில் மேலாளரிடம் பேசி வாரத்தில் ஒரு மாலையையாவது மீட்டெடுங்கள்.

வெளிநாட்டுக்கு விண்ணப்பிக்கும் யோசனையும் இருந்தால் இரண்டு விடயங்கள். அமெரிக்காவில் பல பட்டப்பின் பாடநெறிகள் 4.0-க்கு 3.0-ஐக் குறைந்தபட்சமாக வைத்திருக்கின்றன. அதற்குக் கீழே உள்ளவர்களை நிபந்தனையுடன் எடுக்கும் இடங்களும் உண்டு. கனடாவில் டொரன்டோ பல்கலைக்கழகம் போன்றவை இறுதி ஆண்டுப் புள்ளிகளைத் தனியாகப் பார்க்கின்றன. உங்கள் கடைசி வருடம் நன்றாக இருந்தால் அங்கே உங்கள் நிலை நீங்கள் நினைப்பதைவிட நல்லது. ஆனால் எங்கே போனாலும் இப்போதைய முதுமாணியை மறைக்காதீர்கள். படித்த எல்லா நிறுவனங்களின் பெறுபேறுகளையும் கேட்பார்கள். மறைத்தது தெரிந்தால் அனுமதியை இரத்துச் செய்யவும் அவர்களுக்கு உரிமை இருக்கிறது. குறைந்த பெறுபேற்றை விளக்கலாம். மறைத்த பெறுபேற்றை விளக்க முடியாது.

அடுத்த உள்வாங்கலுக்கு எத்தனை மாதம் இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. ஆறு மாதத்துக்கு மேல் இருந்தால் ஒரு தனிப் பாடத்துக்கு நேரம் இருக்கிறது. குறைவாக இருந்தால் இணைப்பாளருக்கு இந்த வாரமே எழுதுங்கள். நான் எழுதியது இவ்வளவுதான்: “சேர், கடந்த உள்வாங்கலில் தங்கள் பாடநெறிக்கு விண்ணப்பித்துத் தெரிவாகவில்லை. என் பெறுபேற்றுப் பத்திரத்தை இணைத்திருக்கிறேன். மீண்டும் விண்ணப்பிக்க முன் எந்தப் பாடத்தில் என்னைப் பலப்படுத்த வேண்டும் என்று தங்களிடம் நேரில் கேட்க விரும்புகிறேன். இருபது நிமிடம் தர முடியுமா?” நீங்கள் இன்னும் விண்ணப்பிக்கவில்லை என்பதால் முதல் வரியையும் ‘மீண்டும்’ என்ற சொல்லையும் மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

புதிய அனுமதிக் கடிதம் கையில் கிடைத்து, பதிவுக் கட்டணம் கட்டி, பற்றுச்சீட்டும் வந்த பிறகுதான் பழைய பாடநெறியிலிருந்து விலகும் கடிதத்தைக் கொடுங்கள். அதே வேளையில் இரண்டு இடத்தில் ஒரே நேரம் பதிந்திருக்கக் கூடாது என்ற விதி இருக்கிறதா என்று இரு பக்கமும் கேட்டு வையுங்கள். என் புதிய இடத்தில் அந்த விதி இருந்தது. பழைய இடத்திலிருந்து விலகல் உறுதிக் கடிதத்தைக் கொண்டுவர எனக்கு 19 நாள் அவகாசம் தந்தார்கள், 17ஆம் நாள் கொண்டுபோய்க் கொடுத்தேன்.