சீசன் கூட்டத்தில் கடலோரப் பயணம்: கேள்வி பதில்

கடலோர விடுதி ஒன்றின் வரவேற்பு மேசையில் 22 ஆண்டுகள் உட்கார்ந்திருந்தேன். சிரித்துக்கொண்டே வந்திறங்கி, மூன்றாம் நாள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கிளம்பிய குடும்பங்களைக் கணக்கில்லாமல் பார்த்திருக்கிறேன். அவர்களில் பலரைக் கெடுத்தது கடிகாரம். எல்லோரும் எழும் நேரத்தில் எழுந்து, எல்லோரும் கடலுக்குப் போகும் நேரத்தில் போய், எல்லோரும் பசிக்கும் நேரத்தில் சாப்பாட்டு மேசைக்குக் காத்து நின்றவர்கள் அவர்கள். பயணத்துக்குத் தயாராகிறவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு அந்த அனுபவத்திலிருந்து பதில் சொல்கிறேன்.

விடுமுறைக்கு 6 வாரம்தான் இருக்கிறது. எங்கே கேட்டாலும் அறை இல்லை என்கிறார்கள். இந்த ஆண்டு விட்டுவிட வேண்டியதுதானா?

வேண்டாம். சீசனில் ஒரே குடும்பம் இரண்டு மூன்று இடங்களில் அறை பிடித்து வைத்திருந்து, கடைசியில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை ரத்து செய்துவிடும். பணம் பிடித்தம் இல்லாமல் ரத்து செய்யப் பல விடுதிகளில் ஒரு கடைசி நாள் உண்டு. நீங்கள் விரும்பும் விடுதியில் அந்த நாளைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு முந்தின நாளும் அன்றைக்கும் அறைகள் உதிரும். அப்போது தொலைபேசியில் நேராகப் பேசுங்கள். காலை 11 மணி வாக்கில் பேசுவது நல்லது. முந்தின இரவு வராமல் போனவர்கள் எத்தனை பேர், அன்று காலி செய்கிறவர்கள் எத்தனை பேர் என்பது அப்போதுதான் மேசையில் இருப்பவருக்கே தெளிவாகும்.

வெள்ளிக்கிழமை வந்து ஞாயிற்றுக்கிழமை போகிறேன் என்று கேட்டால் கிடைக்காத அறை, திங்கள் முதல் வியாழன் வரை என்று கேட்டால் சில நேரம் கிடைத்துவிடும். ஒரே விடுதியில் 5 இரவு கிடைக்காவிட்டால் இரண்டு விடுதிகளில் 3, 2 என்று பிரித்துக்கொள்ளலாம். நடுவில் பெட்டி கட்டுவது எரிச்சல்தான். வீட்டிலேயே இருப்பதைவிட மேல்.

கடலைப் பார்த்த அறைக்குக் கூடுதல் பணம் கொடுக்கலாமா? எங்களுக்கு 3 வயதிலும் 6 வயதிலும் குழந்தைகள்.

உங்கள் நிலையில் நான் கொடுக்க மாட்டேன். பகலெல்லாம் கடலில் இருப்பீர்கள், இரவில் கடல் இருட்டாக இருக்கும். குழந்தைகள் 8 மணிக்குத் தூங்கியாக வேண்டும். கீழே கடற்கரைச் சாலையில் நள்ளிரவு வரை கூட்டம் நடமாடும். அதோடு 3 வயதுக் குழந்தைக்கும் பால்கனிக்கும் ஆகாது. நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறிவிடும்.

ஆனால் விளம்பரத்தில் போட்டிருக்கும் தூரத்தை நம்பாதீர்கள். "கடற்கரைக்கு 200 மீட்டர்" என்றால் எங்கிருந்து எங்கே? விடுதியின் பின்சுவரிலிருந்து மணல் தொடங்கும் இடம் வரை பறவை பறக்கும் தூரமாக இருக்கலாம். "வாசலிலிருந்து தண்ணீர் வரை நடக்க எத்தனை நிமிடம், எத்தனை சாலை கடக்க வேண்டும்?" என்று கேளுங்கள். ஒரு கையில் குழந்தை, மறு கையில் பை, தோளில் ஈரத்துண்டு, பின்னால் செருப்புக்குள் மணல் போய்விட்டது என்று அழுதுகொண்டு வரும் இன்னொரு குழந்தை. இப்படிக் கடக்கும் ஒவ்வொரு சாலையும் கணக்கில் சேரும்.

கூட்டமில்லாத கடற்கரை சீசனில் எங்கே இருக்கிறது?

எங்கேயும் இல்லை. கூட்டமில்லாத நேரம் உண்டு. காலை உணவை முடித்துக்கொண்டு 10 மணிக்குக் கிளம்பி 11 மணிக்குள் மணலை நிரப்பிவிடுவது சுற்றுலாக் கூட்டத்தின் இயல்பு. நீங்கள் 6:30க்கு இறங்கி 9:30க்கு ஏறிவிடுங்கள். நடுப்பகலில் குளியல், சாப்பாடு, தூக்கம். மாலை 4:30க்கு மறுபடி இறங்குங்கள். வண்டி நிறுத்த இடம் கிடைக்கும், குழந்தைகளின் தோலும் தப்பிக்கும். 10 மணியிலிருந்து 4 மணி வரைதான் புற ஊதாக் கதிர்களின் கடுமை அதிகம். மணி பார்க்கக்கூட வேண்டாம்: உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருந்தால் நிழலுக்குள் போய்விடுங்கள்.

இன்னொரு கடிகாரமும் உண்டு, அதைப் பெரும்பாலோர் பார்ப்பதில்லை. பெரும்பாலான கரைகளில் கடல் ஒரு நாளில் இரண்டு முறை ஏறி, இரண்டு முறை இறங்குகிறது. ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் சுமார் 12 மணி 25 நிமிடம். அதனால் இன்று காலை 8 மணிக்கு நீர் ஏறி நின்றால் நாளை 8:50 வாக்கில் ஏறி நிற்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் அதிகம், இறக்கமும் அதிகம். ஏற்ற இறக்கம் பெரிதாக உள்ள கரைகளில் கடல் ஏறிய நேரத்தில் பாதி மணல் நீருக்குள் போய்விடும். அதே கூட்டம் மீதிப் பாதியில் நெருக்கியடித்து உட்காரும். கடல் இறங்கும் நேரத்தில் அகலமான ஈர மணல் கிடைக்கும், பந்து விளையாடலாம், மூச்சுவிடலாம். நீங்கள் போகும் ஊருக்கான ஏற்ற இறக்க அட்டவணை இணையத்தில் கிடைக்கும். அதைப் பார்த்த பிறகு தேதியை முடிவு செய்யுங்கள்.

அம்மாவுக்கு 74 வயது, முழங்கால் வலி. கூட்டிப் போவது சரியா?

கூட்டிப் போங்கள். விடுதியில் "லிஃப்ட் உண்டா?" என்று மட்டும் கேட்டால் போதாது, "லிஃப்டுக்கு முன்னால் எத்தனை படி?" என்றும் கேளுங்கள். வாசலில் 6 படி ஏறித்தான் லிஃப்டையே தொட முடியும் என்ற கட்டடங்கள் ஏராளம். குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி உண்டா, உள்ளே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட முடியுமா என்றும் கேளுங்கள். முழங்கால்வலிக்காரர்களுக்கு எதிரி, கால் புதையும் காய்ந்த மணல். நீர் இறங்கிய பின் கெட்டிப்பட்டு நிற்கும் ஈர மணலில் அவர்களால் நன்றாக நடக்க முடியும். அம்மாவின் நடையை அந்த நேரத்தில் வையுங்கள்.

ஒரு வேண்டுகோள். எல்லோரும் நீரில் இறங்கிவிட்டு, பை, செருப்பு, கைப்பேசி எல்லாவற்றையும் பாட்டியின் மடியில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். அவரும் கடல் பார்க்க வந்தவர்தான்.

என் கணவர் நன்றாக நீந்துவார். குழந்தைகளை அவரோடு ஆழத்துக்கு அனுப்பலாமா?

கூடாது. குளத்தில் நீந்தத் தெரிவது வேறு, கடல் வேறு. அலைகள் கரைக்குக் கொண்டுவந்து கொட்டும் நீர் எப்படியாவது திரும்பிப் போக வேண்டும். பல இடங்களில் அது ஒரு குறுகிய வாய்க்காலாகச் சேர்ந்து வேகமாக உள்ளே ஓடும். அந்த இழுப்பு நீரோட்டம் நொடிக்கு 2 மீட்டரைத் தாண்டியும் ஓடக்கூடும். ஒலிம்பிக் வீரர் 50 மீட்டர் பந்தயத்தில் நீந்துவதே ஏறக்குறைய அந்த வேகத்தில்தான். உங்கள் கணவரை நான் குறைத்துச் சொல்லவில்லை.

இதில் ஏமாற்று என்னவென்றால், அந்த வாய்க்கால் பார்ப்பதற்குச் சாதுவாக இருக்கும். இரண்டு பக்கமும் அலை வெள்ளையாக உடையும், நடுவில் ஒரு பட்டை மட்டும் உடையாமல் சற்று கறுத்துத் தெரியும். "இங்கே அலையே இல்லை, குழந்தைகளை இங்கே இறக்கலாம்" என்று பெற்றோர் தேர்ந்தெடுப்பது அந்த இடத்தைத்தான். மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தக் கூடாது. அந்த நீரோட்டம் ஆளைக் கீழே இழுக்காது, உள்ளேதான் இழுத்துப் போகும். மிதந்துகொண்டு கையை உயர்த்திக் கூப்பிட வேண்டும். தெம்பு இருந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பு விட்ட பிறகு சாய்வாகக் கரைக்குத் திரும்ப வேண்டும்.

உயிர்காப்பாளர் இருக்கும் பகுதியில் மட்டும் இறங்குங்கள். பல நாடுகளில் மேல்பாதி சிவப்பும் கீழ்ப்பாதி மஞ்சளுமான கொடி அந்தப் பகுதியைக் காட்டும். முழுச் சிவப்பு என்றால் ஆபத்து, இறங்காதீர்கள். ஊதா என்றால் கொட்டும் கடலுயிர்கள் வந்திருக்கின்றன. ஊருக்கு ஊர் சிறு மாற்றம் இருக்கும் என்பதால் முதல் நாள் காலை உயிர்காப்பாளரிடமே போய்க் கேளுங்கள். காற்றடைத்த மிதவைகளை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். நிலத்திலிருந்து கடலுக்குக் காற்று வீசும்போது அவை குழந்தையோடு சேர்ந்து நகர்ந்துவிடும்.

வானம் தெளிவாக இருந்தால் கடலும் அமைதியாக இருக்கும் அல்லவா?

இல்லை. மிகத் தொலைவில், நடுக்கடலில் அடித்த புயலின் அலைகள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பயணம் செய்து, இங்கே வெயில் காயும் நாளில் கரையில் மோதும்.

5 வயதுப் பையன், ஒரு நிமிடம் நிற்க மாட்டான். கூட்டத்தில் தொலைந்துவிடுவானோ என்று பயமாக இருக்கிறது.

பயம் நியாயம்தான். என் தம்பி மகள் ஒரு முறை 11 நிமிடம் காணாமல் போனாள். நாங்கள் 7 பெரியவர்கள் இருந்தோம். ஒவ்வொருவரும் மற்றவர் பார்த்துக்கொள்கிறார் என்று நினைத்திருந்தோம். நீலக் குடை என்று அவளுக்கு அடையாளம் சொல்லி வைத்திருந்தேன். திரும்பிப் பார்த்தால் அந்த வரிசையில் 20 நீலக் குடைகள். ஒரு நீலக் குடைக்கடியில் யாரோ ஒரு அம்மாவின் பக்கத்தில் சமத்தாக உட்கார்ந்திருந்தாள்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரு சிவப்புத் தொப்பி வந்தது. அதை அணிந்திருப்பவர்தான் காவல். கைப்பேசி கிடையாது, அரட்டை கிடையாது. 20 நிமிடம் ஆனதும் தொப்பியை இன்னொருவர் தலையில் வைத்து, "உன் முறை" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

அடையாளமாக நகராத ஒன்றைக் காட்டுங்கள்: உயிர்காப்பாளர் கோபுரம், விளக்குக் கம்பம். தினமும் காலையில் அன்றைய உடையோடு ஒரு படம் எடுத்து வையுங்கள். பதற்றத்தில் சட்டை நிறம் யாருக்கும் நினைவு வராது. நீச்சலுடை ஆரஞ்சு அல்லது பளிச்சென்ற இளஞ்சிவப்பில் இருக்கட்டும். நீல உடை நீருக்குள் மறைந்துவிடும். கையில் உங்கள் தொலைபேசி எண் எழுதிய பட்டை கட்டுங்கள். காணவில்லை என்றால் முதலில் நீரைப் பாருங்கள், பிறகு மணலை. உயிர்காப்பாளரிடம் உடனே சொல்லுங்கள், வெட்கப்பட்டுக்கொண்டு 5 நிமிடம் தேடிவிட்டுச் சொல்லாதீர்கள்.

சன்ஸ்கிரீனில் எஸ்.பி.எஃப். (வெயில் தடுப்பு எண்) 30 போதுமா, 50 வாங்க வேண்டுமா?

வெயிலில் தோலைச் சிவக்கவைக்கும் கதிர்களில் 30 சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கிறது, 50 சுமார் 98 சதவீதம். எண்ணைவிட அளவுதான் முக்கியம். பெரியவர் ஒருவருக்கு உடம்பு முழுக்கப் பூச 30 மில்லி வேண்டும். 2 மணி நேரத்துக்கு ஒரு முறையும் நீரிலிருந்து ஏறிய பிறகும் திரும்பப் பூசுங்கள். 6 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு நிழல்தான் மருந்து.

15 வயது மகள் வரவே மாட்டேன் என்கிறாள்.

ஒரு நாளை அவள் கையில் கொடுத்துவிடுங்கள். எத்தனை மணிக்கு எழுவது, எங்கே போவது, எங்கே சாப்பிடுவது எல்லாம் அவள் முடிவு. நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது. அதுதான் கடினம்.

எனக்கு 9 வயது. நான் கட்டும் மணல் கோட்டை ஏன் உடனே இடிந்துவிடுகிறது?

இவ்வளவு கேள்விகளில் இதுதான் எனக்குப் பிடித்தது. காய்ந்த மணல் ஒன்றோடொன்று ஒட்டாது, உதிர்ந்துவிடும். கொஞ்சம் ஈரமானால் துகள்களுக்கு நடுவில் நீர் சின்னச் சின்னப் பாலம் போட்டு அவற்றை இறுக்கிப் பிடிக்கும். நீர் அதிகமானால் அந்தப் பாலங்கள் மூழ்கி, மணல் கூழாகி வழுக்கிவிடும். கையில் பிடித்து அமுக்கிப் பார். உருண்டை நிற்க வேண்டும், விரல் இடுக்கில் நீர் ஒழுகக் கூடாது. வாளியில் போட்டு நன்றாகத் தட்டி அமுக்கு. அகழி வெட்டலாம், ஆனால் குழி உன் முழங்காலைவிட ஆழமாகப் போக வேண்டாம், அதற்குள் படுக்கவும் வேண்டாம். மணல் சரிந்தால் மிகவும் கனமாக இருக்கும்.

அப்பாவிடம் கடல் ஏறி முடியும் நேரத்தைக் கேட்டுக்கொள். நீர் இறங்கத் தொடங்கியதும், அலை கடைசியாகத் தொட்ட கோட்டுக்குச் சற்றே கீழே கட்டு. மாலை வரைக்கும் உன் கோட்டை அங்கேயே இருக்கும். பக்கத்தில் நடந்து போகிறவர்களின் காலுக்கு மட்டும் நான் பொறுப்பில்லை.