மூலையில் உட்கார்ந்திருக்கும் கண்

போன இதழில், டிவி நிலையத்தில் டைட்டில் கார்டு எழுதிப் பிழைத்த காலத்தைப் பற்றி இந்தப் பகுதியில் நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் தூர்தர்ஷன் லோகோவைப் பற்றியே கேட்கின்றன. சரி, இந்த முறை முழுக்க அதற்கே. நான் 1979-இல் தூரிகையோடு ஒரு நிலையத்துக்குள் நுழைந்து, மவுஸோடு வெளியே வந்தவன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

சின்ன வயதில் சுழன்று சுழன்று வந்து நின்ற அந்தக் கண்ணை வரைந்தது யார்? சென்னை நிலையம் தொடங்கிய நாளிலேயே அது வந்துவிட்டதா?
(தென்காசியிலிருந்து ஒரு வாசகி)

வரவில்லை. சென்னை நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று ஒளிபரப்பைத் தொடங்கியபோது தொலைக்காட்சி என்பது அகில இந்திய வானொலியின் ஒரு கிளைதான். 1976 ஏப்ரல் 1 அன்று தூர்தர்ஷன் தனியாகப் பிரிந்தது. கண்ணும் இசையும் சேர்ந்து வந்தது அப்போதுதான். அதாவது, சென்னைக்காரர்கள் முதல் ஏழரை மாதம் கண் இல்லாமலேதான் டிவி பார்த்தார்கள்.

வரைந்தவர் தேவாசிஸ் பட்டாச்சார்யா. அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் அப்போது மாணவர். வகுப்பில் கொடுத்த பயிற்சிக்காக ஒரு வட்டம் போட்டு, அதன் இரு பக்கமும் இரண்டு வளைவுகளை வரைந்தார். சீனர்களின் யின்-யாங் போல ஒன்றையொன்று துரத்தும் வளைவுகள்.  பார்த்தவர்களுக்கு அது கண்ணாகவே தெரிந்தது. பல வடிவங்களுக்கு நடுவே இதைத் தேர்ந்தெடுத்தவர் அப்போதைய பிரதமர் இந்திரா காந்தி.

ஆனால் என்னைக் கேட்டால், பாதிப் பெருமை ஆர்.எல். மிஸ்திரிக்குப் போக வேண்டும். அதே நிறுவனத்தைச் சேர்ந்தவர். அந்த வடிவத்தின் நகல்களை எடுத்து, கேமராவுக்குக் கீழே கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் திருப்பிப் படம் பிடித்து, கடைசியில் எல்லாம் ஒன்று சேர்ந்து சின்னமாக நிற்கும்படி செய்தார். கம்ப்யூட்டர் கிடையாது. நீங்கள் ஞாபகம் வைத்திருப்பது வடிவத்தை அல்ல, அந்தச் சுழற்சியை. உங்கள் கடிதத்திலேயே "சுழன்று சுழன்று" என்றுதானே எழுதியிருக்கிறீர்கள்? கூடவே ரவிசங்கரும் அலி அகமது ஹுசேன் கானும் சேர்ந்து உருவாக்கிய அந்த ஷெனாய் இசை. அதைக் கேட்டால் இன்றும் எனக்கு மாலை நேரத்துப் பசி எடுக்கிறது. கண் சுழல ஆரம்பித்தால் கேன்டீனை மூடிவிடுவார்கள்.

எங்கள் வீட்டு கருப்பு வெள்ளை டிவியில் மூலையில் லோகோ பார்த்த ஞாபகமே இல்லை. எனக்கு மறதியா, இல்லை உண்மையிலேயே இல்லையா?
(சேலத்திலிருந்து ஒரு வாசகர்)

மறதி இல்லை. இருந்ததே ஒரு சேனல். வெள்ளிக்கிழமை 'ஒலியும் ஒளியும்' ஓடும்போது, இது எந்த சேனல் என்று யாருக்காவது சந்தேகம் வந்திருக்குமா? தென் மாவட்டங்களில் கொடைக்கானல் கோபுரம் வருவதற்கு முன் ஆன்டெனாவைத் திருப்பி இலங்கை ரூபவாஹினியைப் பார்த்தவர்களுக்கு வேண்டுமானால் அந்தக் கேள்வி இருந்திருக்கலாம். அவர்களுக்கும் சிங்களச் செய்தி வந்தால் விடை தெரிந்துவிடும்.

அந்தக் காலத்தில் நிலையம் தன்னை அறிமுகம் செய்துகொண்டது வேறு விதங்களில். தொடக்கத்தில் சுழலும் கண். நடுவில் அறிவிப்பாளர் முகம். அப்புறம், எல்லோருக்கும் தெரிந்த 'தடங்கலுக்கு வருந்துகிறோம்'. அதையும் ஒரு லோகோவாகத்தான் நான் கணக்கில் வைப்பேன். இத்தனை முறை மக்கள் பார்த்த எழுத்து வேறு இருக்காது.

90-களில் கேபிள் வந்தது, ரிமோட் வந்தது. ஒருவர் நாற்பது சேனல்களைத் தாவிக்கொண்டே போகிறார். எல்லாவற்றிலும் அதே பாட்டு, அதே நாயகன். மூலையில் எழுதி வைக்காவிட்டால் யார் வீட்டுப் பாட்டு என்று எப்படித் தெரியும்? நிகழ்ச்சியைக் கேசட்டில் பதிந்து எடுத்துக்கொண்டு போகிறவர்களுக்கும் அது ஒரு வேலி. தூர்தர்ஷன் வீட்டுக்குள்ளேயே போட்டி வந்துவிட்டது. 1993 ஜனவரி 26 முதல் டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை நகரங்களின் இரண்டாம் அலைவரிசைகளை இணைத்து மெட்ரோ சேனல். இளவட்டங்கள் எல்லாம் அங்கே போனார்கள். தாய்க்கும் பிள்ளைக்கும் வித்தியாசம் காட்டவே லோகோ தேவைப்பட்டது. அந்த மெட்ரோ 2003 நவம்பர் 3 அன்று மறைந்து, அதன் இடத்தில் டிடி நியூஸ் வந்தது.

நான் விஷுவல் கம்யூனிகேஷன் மாணவி. லோகோவை ஏன் திரையின் மூலையில் ஒட்டினாற்போல வைக்காமல், கொஞ்சம் உள்ளே தள்ளி வைக்கிறார்கள்? அந்த இடைவெளி அசிங்கமாக இருக்கிறது.
(கோவையிலிருந்து ஒரு வாசகி)

இந்த மாதத்தின் சிறந்த கேள்வி இதுதான். கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

பழைய பிக்சர் டியூப் டிவிகள் நாங்கள் அனுப்பிய படத்தை முழுதாகக் காட்டியதே இல்லை. ஓரங்களில் கொஞ்சம் சட்டத்துக்குப் பின்னால் மறைந்துவிடும். எவ்வளவு மறையும் என்பது டிவிக்கு டிவி வேறு. அதனால் ஒரு விதி வைத்தோம்: எழுத்து என்றால் திரையின் உள் 80 சதவீதத்துக்குள், முக்கியமான அசைவு என்றால் 90 சதவீதத்துக்குள். லோகோ இந்த இரண்டு கோடுகளுக்கும் நடுவில் எங்கேயாவது உட்காரும். அப்புறம் திரை அகலமானது. 4:3 போய் 16:9 வந்தது. எல்லா வீட்டிலும் ஒரே நாளில் வரவில்லை என்பதால், அகலப் படத்தின் இரண்டு பக்கங்களையும் வெட்டி பழைய டிவிக்கு அனுப்ப வேண்டியிருந்தது. அப்படி வெட்டினாலும் லோகோ தப்பிக்க வேண்டும் என்று இன்னும் உள்ளே இழுத்தார்கள். உங்கள் கண்ணை உறுத்தும் இடைவெளி அப்படி வந்ததுதான். இன்றைய திரைகளுக்கு அத்தனை இடைவெளி தேவையில்லை. ஆனால் பழக்கம் விடுமா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 'பால்' (PAL) என்ற நம் பழைய ஒளிபரப்பு முறையில் படம் 625 வரிகள். அதில் படமாகத் தெரிபவை 576. அவையும் ஒரே மூச்சில் வராது. ஒற்றைப்படை வரிகள் ஒரு முறை, இரட்டைப்படை வரிகள் ஒரு முறை என்று நொடிக்கு 50 தடவை மாறி மாறி வரும். ஒரே ஒரு வரி கனத்தில் படுக்கைக் கோடு போட்டால், அது ஒரு முறை இருக்கும், அடுத்த முறை இருக்காது. அதாவது துடிக்கும். அதனால் லோகோவில் எந்தக் கோடும் இரண்டு வரி கனத்துக்குக் குறையக்கூடாது என்பது எங்கள் பாலபாடம்.

இதை நான் அடி வாங்கித்தான் கற்றேன். அப்போதெல்லாம் கருப்பு அட்டையில் வெள்ளை போஸ்டர் கலரால் எழுதி, ஸ்டாண்டில் வைத்து, ஒரு கேமராவைக் காட்டுவோம். கருப்பு விலகி, வெள்ளை எழுத்து மட்டும் படத்தின் மேல் ஏறும். 'சூப்பர் போடுவது' என்போம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் 'செய்திகள்' என்று மெல்லிய தூரிகையால் மிக நேர்த்தியாக ஓர் அட்டை எழுதினேன். மேசையில் பார்த்தால் கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கும். திரையில் ஏறியதும் இரண்டு புள்ளிகளும் காணாமல் போய்விட்டன. 'செயதிகள' என்று ஒரு வாரம் ஓடியது. தமிழாசிரியர்கள் தபால் அட்டையில் என் மானத்தை வாங்கிவிட்டார்கள். சீனியர் ஒருவர் அட்டையை வாங்கி, புள்ளியை மிளகு அளவுக்குக் குண்டாக்கி, "தம்பி, பேப்பர்ல அழகா இருந்தா போதாது, கண்ணாடியில அழகா இருக்கணும்" என்று திருப்பிக் கொடுத்தார்.

ஆங்கில எழுத்துக்கு இந்தத் தொல்லை குறைவு. நமக்குப் புள்ளி ஒரு பக்கம், 'ண'வின் சுழிகள் ஒரு பக்கம். லோகோ அளவுக்குச் சுருக்கினால் சுழிகள் அடைத்துக்கொண்டு மசித் துளியாகிவிடும். உங்கள் கல்லூரி சேனலுக்கு லோகோ செய்தால், கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்க்காதீர்கள். டிவியில் போட்டு, பத்தடி தள்ளி நின்று பாருங்கள்.

ஒரே சேனலைப் பார்த்துப் பார்த்து எங்கள் டிவியில் அந்த லோகோவின் தடம் பதிந்துவிட்டது. சேனல் மாற்றினாலும் நிழல் மாதிரி நிற்கிறது. துடைத்தால் போகுமா?
(கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகர்)

போகாது. துடைத்துத் துடைத்துக் கண்ணாடியைக் கீறிவிடாதீர்கள். அசையாத வெளிச்சம் ஒரே இடத்தில் விழுந்தால் அந்த இடம் சீக்கிரம் தேய்ந்துவிடும். டியூபிலும் பிளாஸ்மாவிலும் பூச்சு தேயும், ஓஎல்இடியில் புள்ளிகளே தேயும். நிறைய சேனல்கள் லோகோவைப் பளிச்சென்று வைக்காமல் கண்ணாடி போல மங்கலாக வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஓஎல்இடி என்றால் செட்டிங்கில் படத்தை லேசாக நகர்த்தும் வசதி இருக்கும். அதை இனியாவது போட்டு வையுங்கள். அப்படியே, வேறு சேனலும் பாருங்கள்.

நாட்டில் எத்தனையோ பிரச்சினை. ஒரு டிவி லோகோவுக்கு ஒரு பக்கமா?
(விழுப்புரத்திலிருந்து ஒரு வாசகர்)

ஒன்றரைப் பக்கம் கேட்டேன். ஆசிரியர் தரவில்லை.

டிடி நியூஸ் லோகோ சிவப்பிலிருந்து காவியானது பற்றி உங்கள் கருத்து?
(திருச்சியிலிருந்து ஒரு வாசகர்)

2024 ஏப்ரலில், தேர்தல் நேரத்தில் நடந்தது. தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதியின் முன்னாள் தலைமை அதிகாரி ஜவஹர் சர்க்கார் கடுமையாகக் கண்டித்தார். அப்போதைய தலைமை அதிகாரி அது காவி அல்ல, ஆரஞ்சு என்றார். சாயம் கலக்கிய கையோடு சொல்கிறேன்: இரண்டுக்கும் நடுவில் ஒரு சொட்டு மஞ்சள்தான் வித்தியாசம், அது வீட்டு டிவியில் தெரியாது. பழைய பால் முறையில் அடர் சிவப்பு ஓரம் கசிந்து பரவும் என்பதால் நாங்களே அதைக் கண்டு பயப்படுவோம். ஆனால் 2024-இல் அந்தக் காரணம் செல்லாது. பொதுப் பணத்தில் நடக்கும் சேனல், தேர்தல் முடியும்வரை பெயின்ட் டப்பாவைத் திறக்காமல் இருந்திருக்கலாம்.

2017-இல் லோகோவையே மாற்றுவதற்கு ஒரு லட்சம் ரூபாய் பரிசோடு போட்டி அறிவித்தார்கள், நினைவிருக்கிறதா? கண் அதையும் தாண்டி நின்றுவிட்டது.

'பொதிகை' என்ற அழகான பெயரை ஏன் எடுத்தார்கள்? உங்களுக்கு வருத்தம் இல்லையா?
(அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு வாசகர்)

தாமிரபரணிக் கரையிலிருந்து கேட்கிறீர்கள், உங்களுக்கு இல்லாத வருத்தமா எனக்கு?

90-களில் நம் சேனலுக்குப் பெயர்கூட இல்லை, எண்தான். டிடி 4 மலையாளம், டிடி 5 தமிழ், டிடி 8 தெலுங்கு என்று பஸ் நம்பர் மாதிரி. பிறகுதான் பெயர்கள் வந்தன. கவனித்திருக்கிறீர்களா, அதில் பாதி மலைகள்! மராத்திக்கு சஹ்யாத்ரி, குஜராத்திக்கு கிர்னார், தெலுங்குக்கு சப்தகிரி, நமக்குப் பொதிகை. பெயர் வைத்தவர் யாரோ மலையேறப் பிடித்தவர் போலிருக்கிறது. ஆனால் நமக்கு அமைந்ததுபோல யாருக்கும் அமையவில்லை. அகத்தியர் இருக்கும் மலை, தென்றல் பிறக்கும் மலை. காற்றில் வரும் சேனலுக்கு இதைவிட வேறென்ன பெயர் வேண்டும்?

2024 ஜனவரி 19 அன்று, கேலோ இந்தியா விளையாட்டுத் தொடக்க விழாவுக்காகப் பிரதமர் சென்னை வந்தபோது அது 'டிடி தமிழ்' ஆனது. புது நிகழ்ச்சிகள், எச்டி தரம் என்று நல்ல மாற்றங்கள் உண்டு, மறுக்கவில்லை. ரிமோட்டில் தேடும் இளைஞருக்கு 'தமிழ்' என்றால் சட்டென்று புரியும் என்ற நியாயமும் புரிகிறது. இருந்தாலும் அது வீட்டு வாசலில் 'வீடு' என்று எழுதி வைத்ததுபோல இருக்கிறது எனக்கு.

லோகோ எழுதுகிறவனாகப் பார்த்தால் 'பொதிகை' தொல்லை பிடித்த சொல். முன்னால் ஒரு கொம்பு, நடுவில் ஒரு கால், பின்னால் ஓர் ஐகாரம், ஒரு முழம் நீளும். ஆனால் புள்ளி கிடையாது. 'தமிழ்' சின்னது, கச்சிதமானது. கடைசியில் ஒரு புள்ளி. பெயர் மாறிய அன்று ராத்திரி எங்கள் வீட்டு டிவியை விட்டுப் பத்தடி தள்ளி, சமையலறை வாசலில் போய் நின்றேன். "என்னங்க, சாப்பாட்டுக்கு வராம அங்க என்ன பாக்கறீங்க?" என்றாள் மனைவி. "புள்ளி தெரியுதான்னு பாக்கறேன்" என்றேன்.

தெரிந்தது.