சயாமா பதில்கள்: ஒருவர் செய்த வினையை இன்னொருவர் சுமக்க முடியுமா?

இங்கே பர்மாவில் ஆசிரியையைச் சயாமா என்பார்கள்; என்னையும் அப்படித்தான் அழைக்கிறார்கள். கிறிஸ்தவ நம்பிக்கையைப் பற்றிய ஐயங்களை எழுதி அனுப்பும்படி சென்ற இதழில் கேட்டிருந்தேன். வந்த கடிதங்களில் பெரும்பகுதி இந்துக்கள் எழுதியவை. பௌத்த நண்பர்கள் கேட்டதற்குப் பதில் சொல்ல முடியாமல் தவித்த நம் சபைப் பிள்ளைகள் எழுதியவையும் உண்டு. கோபமாக எழுதியவர்களுக்கும் நன்றி. மனத்துக்குள் வைத்துப் புழுங்குவதைவிடக் கோபமாகக் கேட்டுவிடுவது நல்லது. நீண்ட கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். கேள்வியின் கூர்மையில் கை வைக்கவில்லை.

கேள்வி: சயாமா, நான் மருந்துக் கடையில் வேலை செய்கிறேன். உடன் வேலை செய்யும் பௌத்த நண்பர் கேட்டார்: "அவனவன் வினையை அவனவன்தான் அனுபவிக்க வேண்டும். மற்றவர் பாவத்தை இயேசு சுமந்தார் என்றால், கொலை செய்தவன் ஒரே ஒரு ஜெபத்தில் தப்பிவிடுவானே? இது நியாயமா?" எனக்குப் பேச்சு எழவில்லை. (வாசகர், பெகு)

பதில்: தம்பி, இந்த நாட்டில் நம்மிடம் கேட்கப்படும் கேள்விகளில் இதுவே மிக ஆழமானது. உங்கள் நண்பர் நியாயத்தை நேசிப்பதால் கேட்கிறார். அதை முதலில் மதியுங்கள்.

வினைக்குப் பலன் உண்டு என்பதை நாமும் நம்புகிறோம். "மனுஷன் எதை விதைக்கிறானோ அதையே அறுப்பான்" என்று பவுல் கலாத்தியருக்கு எழுதினார். தாவீது அரசன் உரியாவின் மனைவியைக் கவர்ந்தான். உரியாவைப் போர்முனையில் நிறுத்திச் சாகவைத்தான். நாத்தான் தீர்க்கதரிசி வந்து கண்டித்ததும் தன் பாவத்தை ஒப்புக்கொண்டான். கர்த்தர் உன் பாவத்தை நீக்கினார் என்று அதே நாத்தான் சொன்னார். பிறகு நடந்ததையும் படியுங்கள். பிறந்த குழந்தை இறந்தது. சொந்த மகன் அப்சலோம் கலகம் செய்து மாண்டான். மன்னிப்புப் பெற்ற அந்த மனிதன் "என் மகனே, என் மகனே" என்று மாடியறையில் அழுதான்.

சிலுவையில் தொங்கிய கள்ளனைப் பாருங்கள். "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்" என்று இயேசு அவனிடம் சொன்னார். அவனைச் சிலுவையிலிருந்து யாரும் இறக்கிவிடவில்லை. அன்று மாலை சேவகர் வந்து அவன் கால்களை முறித்தார்கள். தனக்குக் கிடைத்த தண்டனை நியாயமானது என்று சொல்லிக்கொண்டேதான் அவன் மன்னிப்பைப் பெற்றான்.

உங்கள் நண்பருக்கு அங்குலிமாலன் கதை நிச்சயம் தெரிந்திருக்கும். ஆயிரம் விரல்களைச் சேர்க்கப் புறப்பட்ட கொலைகாரன் புத்தரைச் சந்தித்துத் துறவியானான். அவன் பிச்சைக்குப் போன ஊரில் மக்கள் கல்லால் அடித்தார்கள். மண்டை உடைந்து, பாத்திரம் நொறுங்கி, இரத்தம் வழியத் திரும்பி வந்தவனிடம், பொறுத்துக்கொள், உன் வினையின் பலனை இப்பிறவியிலேயே அனுபவிக்கிறாய் என்றார் புத்தர். அந்தக் கதையை உங்கள் நண்பர் வாயாலேயே சொல்லக் கேளுங்கள்; இடையில் குறுக்கிடாதீர்கள். அதன்பின் கள்ளனின் கதையை நீங்கள் சொல்லுங்கள். எதுவரை இருவரும் சேர்ந்து வருகிறீர்கள், எங்கே பிரிகிறீர்கள் என்பது இருவருக்குமே தெரிந்துவிடும்.

பிரியும் இடம் இதுதான். அவருடைய பார்வையில் வினை ஒரு நியதி. மழை பெய்வதுபோல் அது நடக்கும். அதன் பின்னால் மனம் புண்படுகிறவர் யாரும் இல்லை. நம் நம்பிக்கையில் பாவம் ஒருவருக்கு எதிராகச் செய்யப்படுகிறது. பக்கத்து வீட்டுக்காரனுக்கு எதிராக. அவனைப் படைத்த தேவனுக்கு எதிராகவும். நியதியால் மன்னிக்க முடியாது. புண்பட்டவரால் முடியும்.

அப்படி மன்னிப்பதற்கு விலை உண்டு. நம் பர்மாவிலேயே அதற்கு உதாரணம் இருக்கிறது. 1930களின் பொருளாதாரச் சரிவில் நெல் விலை விழுந்தது. விவசாயிகளால் கடனைக் கட்ட முடியவில்லை. கீழ்ப் பர்மாவின் நெல் நிலத்தில் ஏறக்குறைய கால்பங்கு, கடன் கொடுத்திருந்த செட்டியார்களின் கைக்குப் போனது. அன்று ஒரு செட்டியார் ஒரு விவசாயியின் கடனை முழுதாகத் தள்ளிவிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பணம் மாயமாகியிருக்காது. அந்த நட்டம் செட்டியாரின் பேரேட்டில் ஏறியிருக்கும். கடன்காரன் தலையிலிருந்து இறங்கிய பாரத்தைக் கடன் கொடுத்தவர் சுமந்திருப்பார். சிலுவையில் நடந்தது இதுவே என்று நாம் சொல்கிறோம். தெருவில் போன நிரபராதி ஒருவரைப் பிடித்து வந்து தண்டித்ததாக நாம் சொல்லவில்லை. அப்படி நடந்திருந்தால் உங்கள் நண்பரோடு சேர்ந்து நானும் அநியாயம் என்று கூவுவேன். குற்றம் யாருக்கு எதிராகச் செய்யப்பட்டதோ அவரே மனிதராக வந்து அதன் பாரத்தை ஏற்றார் என்பதே நம் விசுவாசம். கிறிஸ்து தேவன் என்பதை எடுத்துவிட்டால் உங்கள் நண்பரின் ஆட்சேபத்துக்குப் பதிலே கிடையாது. அதை ஒளிக்காமல் அவரிடம் சொல்லிவிடுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். "ஒரே ஒரு ஜெபத்தில் தப்பிவிடுவான்" என்று அவருக்குத் தோன்றியதில் நம் பங்கு பெரிது. பக்கத்துக் கடைக்காரரிடம் வாங்கிய பணத்தைத் திருப்பித் தராமல், ஞாயிற்றுக்கிழமை கண்ணீரோடு சாட்சி சொல்கிறவர்களை அவர் பார்த்திருப்பார். வரி வசூலிப்பவனான சகேயு மனந்திரும்பியபோது, அநியாயமாக வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்றான். இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்று இயேசு சொன்னது அதைக் கேட்ட பிறகுதான்.

கேள்வி: 2025 மார்ச் 28 நிலநடுக்கத்தில் எங்கள் தெருவில் மூன்று வீடுகள் விழுந்தன. உங்கள் தேவன் அன்புள்ளவர் என்று இனியும் சொல்வீர்களா? (வாசகி, மாண்டலே)

பதில்: சகோதரி, இடிபாட்டுக்குப் பக்கத்திலிருந்து வந்த கேள்வி இது. ரங்கூனில் பத்திரமாக உட்கார்ந்துகொண்டு பதில் எழுதக் கூசுகிறது.

அந்த வெள்ளிக்கிழமை நண்பகலுக்குச் சற்றுப் பிறகு சகாயிங் நிலப்பிளவு அசைந்தது. 7.7 அளவு. தொழுகையில் இருந்தவர்கள் பள்ளிவாசல்களின் அடியில் புதைந்தார்கள், மடாலயங்கள் சரிந்தன, தேவாலயங்களும் தப்பவில்லை. மூவாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். இது சிலை வணக்கத்துக்கு வந்த தண்டனை என்று ஒரு பிரசங்கத்தில் என் காதுபடச் சொன்னார்கள். 2008இல் நர்கீஸ் புயல் ஐராவதி முகத்துவாரத்தை அழித்தபோதும் இதே பேச்சு எழுந்தது.

அதைச் சொன்னவர்களுக்கு லூக்கா 13ஆம் அதிகாரம் போதும். சீலோவாமில் ஒரு கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் இறந்தார்கள். எருசலேமில் குடியிருந்த மற்றவர்களைவிட அவர்கள் பெரிய குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா என்று இயேசுவே கேட்டு, அப்படியல்ல என்று அவரே பதிலும் சொன்னார். இடிந்து விழுந்த கட்டடத்தை வைத்து இறந்தவர்களின் பாவக் கணக்கை எழுத அவர் யாருக்கும் அனுமதி தரவில்லை.

அப்படியானால் ஏன் நடந்தது? நிலத்தட்டுகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நகர்கின்றன. அதைத் தாங்கும்படி வீடுகள் கட்டப்படவில்லை. இது பூமியைப் பற்றிய பதில். "என் பிள்ளைக்கு ஏன்?" என்ற தாய்க்கு இது பதிலாகாது. அவளுக்குத் தரும் விளக்கம் வேதத்திலும் இல்லை. பிள்ளைகளையும் உடைமையையும் இழந்த யோபுவுக்கே அது தரப்படவில்லை. அவனுக்கு விளக்கம் சொல்ல வந்த மூன்று நண்பர்களைத்தான் தேவன் கடிந்துகொண்டார். கேள்வி கேட்ட யோபுவைப் பற்றியோ, நிதானமாய்ப் பேசினான் என்றார்.

அன்புள்ளவர் என்று இனியும் சொல்வேனா என்று கேட்டீர்கள். சொல்வேன். இறந்துபோன நண்பன் லாசருவின் கல்லறைக்கு முன்னால், அவனை எழுப்பப் போவது தெரிந்திருந்தும், இயேசு அழுதார். என்னை ஏன் கைவிட்டீர் என்று சிலுவையில் கதறினார். துன்பத்துக்கு வெளியே நின்று நம்மை வேடிக்கை பார்க்கும் தேவனாக இருந்தால் என்னால் அவரை வணங்க முடியாது. உங்களால் ஜெபிக்க முடியாவிட்டால் இப்போதைக்கு விடுங்கள். உங்களுக்காக நான் ஜெபிக்கிறேன்.

கேள்வி: கிறிஸ்தவம் வெள்ளைக்காரன் தன் துப்பாக்கியோடு கொண்டுவந்த மதம். தமிழனுக்கு அது எதற்கு? (கல்லூரி மாணவர், ரங்கூன்)

பதில்: பர்மாவைப் பொறுத்தவரை நடந்ததைப் பார்ப்போம். மிஷனரி அதோனிராம் ஜட்சனும் அவர் மனைவி ஆனும் 1813இல் ரங்கூனில் இறங்கினார்கள். அப்போது இங்கே பர்மிய மன்னரின் ஆட்சி. அவர்கள் அமெரிக்கர்கள், பின்னால் படை எதுவும் இல்லை. மவுங் நவ் என்ற முதல் பர்மியர் ஞானஸ்நானம் பெற்றது 1819இல். துப்பாக்கி முனையில் பரப்பியிருந்தால் ஒருவருக்காக ஆறு ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதில்லை. 1824இல் ஆங்கிலேயரோடு போர் மூண்டதும் ஜட்சனை ஒற்றர் என்று தலைநகர் ஆவாவில் சிறையிட்டார்கள். அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாட்டின் கையெழுத்துப் பிரதியை ஆன் ஒரு தலையணைக்குள் தைத்துச் சிறைக்கு அனுப்பினார். பின்பு யாரோ எறிந்துவிட்ட அந்தத் தலையணையைக் கண்டெடுத்துக் காப்பாற்றியவர் மவுங் இங் என்ற பர்மியச் சீடர். ஆன் 1826இல் இறந்தார்; கைக்குழந்தையும் சில மாதங்களில் இறந்தது.

உங்கள் கோபத்திலும் உண்மை இருக்கிறது. 1885இல் ஆங்கிலேயர் மாண்டலேயைப் பிடித்தபோது அதை வரவேற்ற மிஷனரிகளும் இருந்தார்கள். நான் அதற்கு வக்காலத்து வாங்கமாட்டேன்.

ஆனால் தமிழனுக்கு எதற்கு என்று கேட்பதற்கு முன் தேதிகளைப் பாருங்கள். 1578இல் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் அச்சான நூல் கிறிஸ்தவ நூல். தரங்கம்பாடியில் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சேறியது 1715இல். எத்தியோப்பிய அரசன் ஏசானா நான்காம் நூற்றாண்டிலேயே கிறிஸ்தவன். அப்போது ஐரோப்பாவின் பெரும்பகுதி கிறிஸ்தவமாகியிருக்கவில்லை. என் பாட்டனார் நாகப்பட்டினத்தில் ரங்கூன் கப்பல் ஏறியபோது பெட்டியில் தமிழ் வேதாகமம் இருந்தது. அவருக்கு ஆங்கிலத்தில் கையெழுத்துப் போடக்கூடத் தெரியாது.

கேள்வி: எல்லா நதியும் கடலில்தானே சேர்கிறது? உங்கள் வழி மட்டும் உண்மை என்பது ஆணவம் அல்லவா? (வாசகர், தட்டோன்)

பதில்: தனி ஆன்மா என்று ஒன்று இல்லை என்று உங்கள் ஊர் மடாலயத்தில் போதிக்கிறார்கள். உண்டு, அது அழியாதது என்று உங்கள் கோயிலில் கேட்கிறீர்கள். இருவரும் ஒன்றையே சொல்கிறார்கள் என்றால் இருவரையும் நாம் சரியாகக் கேட்கவில்லை என்றே பொருள். "நானே வழியும் சத்தியமும் ஜீவனுமாயிருக்கிறேன்" என்பது இயேசுவின் சொல். அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு உரிமையில்லை. அதைச் சொல்லிக்கொண்டு அயலாரை இளக்காரமாகப் பார்க்கும் கிறிஸ்தவனைக் கண்டால் அங்கே ஆணவம் என்று தாராளமாகச் சொல்லுங்கள். இயேசு தம் சீடர்களின் கால்களைக் கழுவியவர்.

கேள்வி: இயேசுவின் கல்லறையில் ஒரு தூதன் என்கிறார் மத்தேயு, இருவர் என்கிறார் லூக்கா. இந்தச் சாட்சியை எப்படி நம்புவது? (வாசகர், மோல்மேன்)

பதில்: சுவிசேஷங்களை எழுதிய நான்கு பேரும் கூடிப் பேசி எழுதியிருந்தால் இந்த வேறுபாட்டைத்தான் முதலில் சரிசெய்திருப்பார்கள். ஆதிச் சபை அதைச் சரிசெய்யாமல் நான்கையும் அப்படியே வைத்துக்கொண்டது. நான்கும் ஒத்துச் சொல்வது எது என்று பாருங்கள்: கல்லறை வெறுமையாக இருந்தது, அதை முதலில் கண்டவர்கள் பெண்கள். பெண்களின் சாட்சிக்கு மதிப்புத் தராத காலம் அது. கதை கட்டுகிறவன் பேதுருவை அல்லவா முதலில் அனுப்பியிருப்பான்? சுவிசேஷங்களுக்கும் முந்தியது கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபம், ஏறக்குறைய கி.பி. 55. உயிர்த்தவரைக் கண்டவர்களைப் பவுல் அதில் வரிசையாகக் குறிப்பிட்டு, பெரும்பாலோர் இன்னும் உயிரோடிருக்கிறார்கள் என்கிறார். போய் விசாரித்துக்கொள்ளுங்கள் என்று சொல்வதற்குச் சமம் அது. ரோம ஆளுநர் பிலாத்துவின் காலத்தில் கிறிஸ்து கொல்லப்பட்டதை, கிறிஸ்தவர்களை வெறுத்த ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸும் எழுதியிருக்கிறார்.

ஒன்றை நானே சொல்லிவிடுகிறேன். மாற்கு சுவிசேஷத்தின் கடைசிப் பன்னிரண்டு வசனங்கள் மிகப் பழைய பிரதிகளில் இல்லை. இதை மறைக்கும் ஆசிரியர்களால்தான் நம் பிள்ளைகள் பின்னால் வேறெங்கோ இதைப் படித்து அதிர்ந்துபோகிறார்கள்.

கேள்வி: என் மகன் சென்ற ஆண்டு கிறிஸ்தவனானான். அவன் அப்பாவின் திதிக்கு வீட்டுப் பக்கமே வரவில்லை. பெற்றவர்களை உதறச் சொல்வதுதான் உங்கள் வேதமா? (ஒரு தாய், ரங்கூன்)

பதில்: இல்லை, அம்மா. உன் தகப்பனையும் தாயையும் கனம்பண்ணு என்பது பத்துக் கட்டளைகளில் ஒன்று. தேவனுக்குக் காணிக்கையாக்கிவிட்டேன் என்று சொல்லிப் பெற்றோருக்குச் செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டவர்களை இயேசு கடுமையாகக் கண்டித்தார். உயிர் பிரியும் வேளையிலும் தம் தாயை யோவானிடம் ஒப்படைத்தார்.

உங்கள் மகனால் பிண்டம் வைக்க முடியாது; அது அவன் மனச்சாட்சி. அதை நீங்கள் வற்புறுத்தாதிருந்தால் நல்லது. வீட்டுக்கே வராமல் இருந்ததற்கு மனச்சாட்சியைக் காரணம் காட்ட முடியாது. அவன் காலையிலேயே வந்திருக்கலாம். சந்தையிலிருந்து காய்கறி வாங்கி வந்திருக்கலாம். வந்தவர்களுக்கு இலை போட்டுப் பரிமாறியிருக்கலாம். அப்பாவைப் பற்றி உங்களோடு உட்கார்ந்து பேசியிருக்கலாம். இதில் எதையும் அவன் விசுவாசம் தடுக்கவில்லை. புதிதாக நம்புகிறவர்களிடம் எதைச் செய்யக்கூடாது என்று மட்டும் சொல்லிக்கொடுத்துவிட்டு, வீட்டில் எப்படி மகனாக இருப்பது என்று சொல்லித்தராத போதகர்கள்மேல் எனக்கு வருத்தம் உண்டு.

இந்தப் பக்கத்தை அவனிடம் காட்டுங்கள். அவன் என்னோடு வாதாட விரும்பினால் பத்திரிகை முகவரிக்கு எழுதட்டும். அடுத்த திதிக்கு நாள் பார்த்ததும் நீங்களும் ஒரு வரி எழுதுங்கள். அவன் வரத் தயங்கினால் நானே போய் அழைத்து வருகிறேன்.