நுரையீரல் நோய்க்குக் காலில் பயிற்சியா?

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது. நெடுங்காலம் சிகரெட் பிடித்தவர். சீ.ஓ.பி.டி., அதாவது மூச்சுக்குழாய் சுருங்கி நுரையீரல் மெல்ல மெல்லப் பழுதாகும் நாட்பட்ட வருத்தம் என்று கிளினிக்கில் சொன்னார்கள். முன்பெல்லாம் கோணேசர் கோயில் ஏற்றத்தை நிற்காமல் ஏறுவார். இப்போது கிணற்றடிக்குப் போய்வரவே மூச்சு இளைக்கிறது. அம்மா அவரைக் கதிரையை விட்டு எழும்ப விடுவதில்லை. பிசியோதெரபிஸ்ட் ஒருவர் காலுக்குப் பயிற்சி செய்யச் சொல்கிறார். பழுதானது நுரையீரல், காலைப் பலப்படுத்தி என்ன பயன்?
- வாசகி, உப்புவெளி, திருகோணமலை

பதில்: பிசியோதெரபிஸ்ட் சொன்னது சரி, தங்கச்சி. அம்மாவின் பயமும் எனக்கு விளங்குகிறது. ஆனால் அந்தக் கதிரைதான் அப்பாவை இன்னும் இளைக்க வைக்கிறது.

நடமாட்டம் குறைந்தால் முதலில் மெலிவது தொடைத்தசை. மெலிந்த தசை சின்ன வேலைக்கே களைத்து, லாக்டிக் அமிலத்தைச் சீக்கிரம் சேர்த்துவிடும். அதைச் சமாளிக்க உடம்பு இன்னும் வேகமாக மூச்சு வாங்கும். கெட்டுப்போன நுரையீரலை மீட்க முடியாது. தொடையை இந்த வயதிலும் மீட்கலாம். கால் பலப்பட்டால் அதே கிணற்றடிக்குக் குறைந்த மூச்சில் போய்வரலாம்.

தொடங்குமுன் கிளினிக் டொக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். இருதய வருத்தமும் இருந்தால் கட்டாயம் கேட்க வேண்டும்.

கைப்பிடியுள்ள கதிரையைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். அப்பா நுனிக்கு வந்து, பாதங்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னே வைக்கட்டும். உட்கார்ந்தபடி மூக்கால் மூச்சை இழுத்து, உதட்டைக் குவித்து ஊதிக்கொண்டே எழும்ப வேண்டும். மூச்சை அடக்கவே கூடாது. திரும்ப உட்காரும்போது தொப்பென்று விழாமல் மெதுவாக இறங்க வேண்டும். அந்த இறக்கத்திலும் தொடைக்கு நல்ல வேலை இருக்கிறது. ஆரம்பத்தில் கையை ஊன்றி எழும்பினாலும் பரவாயில்லை. ஐந்து தடவை, ஓய்வு, மறுபடி ஐந்து. கிழமைக்கு மூன்று நாள், ஒருநாள் விட்டு ஒருநாள். மெல்ல மெல்லப் பத்துப் பன்னிரண்டாக்கி, அதுவும் லேசானால் கையை ஊன்றாமல் எழும்பட்டும். அப்புறம், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவதையும் சேர்க்கலாம்.

செய்யும்போது கொஞ்சம் இளைக்கத்தான் செய்யும். அம்மாவுக்கு இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். இளைப்பே இல்லாததைப் பூச்சியம், தாங்க முடியாததைப் பத்து என்று வைத்தால், மூன்று, நான்கு என்ற அளவு இளைப்பு நல்லது. ஒரு சிறு வசனமாவது பேச முடிய வேண்டும். நெஞ்சு நோ, தலைச்சுற்று, உதடு நீலமாவது என்றால் உடனே நிறுத்தி வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். பயிற்சிக்கு முன் இன்ஹேலர் எடுக்கச் சொல்லியிருந்தால் பத்துப் பதினைந்து நிமிஷத்துக்கு முன் எடுக்கட்டும். வெக்கையான கச்சான் காற்று வீசும் மாதங்களில் விடியற்காலைதான் தோது.

சாப்பாட்டில் மீன், முட்டை, பருப்பு குறையக் கூடாது. சிகரெட் இன்னும் இருந்தால் அதை விடவே வேண்டும்.

பலன் தெரிய எட்டுக் கிழமையாவது செல்லும். கோயில் ஏற்றத்தைப் பிறகு யோசிக்கலாம். முதலில் வீதி முனைவரை நடக்கட்டும். இடையில் சளி நிறம் மாறி, இளைப்புக் கூடினால் பயிற்சியை நிறுத்தி டொக்டரிடம் காட்டுங்கள். சுகமானதும் விட்ட எண்ணிக்கையில் பாதியிலிருந்து தொடங்கினால் போதும்.